பின்பக்கம் தூக்கி நிற்கும் பிக்கப் வண்டி: மட்டமாக்குவது எப்படி?

அமெரிக்க நாட்டில் பிக்கப் வண்டிக்குத் தனி மதிப்பு உண்டு.

முன்னால் ஆட்கள் உட்காரும் அறை. பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி. வேலைக்குப் போவதும் அந்த வண்டியில்தான். விடுமுறை நாளில் மனைவி மக்களோடு ஊர் சுற்றப் போவதும் அந்த வண்டியில்தான்.

இந்தப் பிக்கப் வண்டிகளில் கனரக வகை ஒன்று இருக்கிறது. போர்டு எப்-250, ராம் 2500, செவ்ரலே சில்வராடோ 2500 ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. எப்-250 என்ற பெயர் 1953-ல் வந்தது. பெயர் பழையது, வண்டி பல முறை மாறிவிட்டது. அதிகப் பாரம் ஏற்றுவதற்கும், பெரிய டிரெய்லர்களை இழுப்பதற்கும் இந்த வண்டிகளை வாங்குகிறார்கள்.

புது வண்டியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பின்பக்கம் உயர்ந்து நிற்கும். முன்பக்கம் தாழ்ந்து நிற்கும். வித்தியாசம் சாதாரணமாக 2 அங்குலம் அல்லது 3 அங்குலம் இருக்கும்.

வண்டி வாங்கியவர்களில் பலருக்கு இது பிடிப்பதில்லை. "மூக்கு இறங்கிய மாதிரி இருக்கிறதே!" என்கிறார்கள். முன்பக்கத்தையும் தூக்கி, வண்டியை மட்டமாக நிறுத்த ஆசைப்படுகிறார்கள். பெரிய டயர் மாட்டவும் அப்போது இடம் கிடைக்கும்.

இதற்கென்றே சாமான் விற்கும் கடைகள் அங்கே ஏராளம். நூறு டாலருக்கும் கிடைக்கும். சில ஆயிரம் டாலருக்கும் கிடைக்கும்.

எதை வாங்குவது?

கண்ணுக்கு அழகாக இருப்பதை வாங்கினால் ஆபத்து. வண்டி சுமக்கப் போகும் பாரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ஏன் என்பதைப் பார்ப்போம்.

அந்த உயரம் எதற்கு?

பின்பக்கத்தை உயரமாக வைத்தது கம்பெனிக்காரர்களின் தவறு அல்ல. தெரிந்தே வைத்தார்கள்.

பிக்கப் வண்டியின் எஞ்சின் முன்னால் இருக்கிறது. ஏற்றும் சாமான் எல்லாம் பின்னால் போகிறது. ஆகவே பாரம் ஏற ஏறப் பின்பக்க ஸ்பிரிங்தான் அதிகமாக அமுங்கும். காலி வண்டியில் பின்பக்கம் உயரமாக இருந்தால், பாரம் ஏறியதும் அது இறங்கி மட்டத்துக்கு வரும்.

காலியாக நிற்கும்போதே வண்டியை மட்டமாக்கி விட்டால் என்ன ஆகும்? பாரம் ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்துவிடும். முன்பக்கம் வானத்தைப் பார்க்கும்.

மாட்டு வண்டிக் கணக்கு

இது நம் ஊர் வண்டிக்காரர்களுக்குத் தெரிந்த கணக்குதான்.

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்கள். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும். மாட்டுக்குப் பிடிப்பு இருக்காது.

பிக்கப் வண்டிக்கும் இதே கணக்கு உண்டு. அதில் மாட்டுக்குப் பதில் முன்சக்கரம். அவ்வளவுதான் வித்தியாசம்.

டிரெய்லரைப் பின்கொக்கியில் மாட்டினால், அதன் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். அதற்குக் குறைந்தால் டிரெய்லர் இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கும்.

டிரெய்லரின் எடை 4,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கொக்கியின் மேல் 500 கிலோ அழுந்துகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 4 மீட்டர். பின் அச்சிலிருந்து கொக்கி ஒன்றரை மீட்டர் பின்னால் இருக்கிறது.

கடப்பாறையால் கல்லை நெம்புவது போல, அந்த 500 கிலோ, பின் அச்சை ஊன்றுகோலாக வைத்து முன்பக்கத்தை மேலே நெம்பும். முன்சக்கரங்களின் மேல் இருந்த பாரத்தில் சுமார் 190 கிலோ குறைந்துவிடும். பின் அச்சின் மேல் 500 கிலோ மட்டும் ஏறாது. சுமார் 690 கிலோ ஏறும்!

வண்டியைத் திருப்புவது முன்சக்கரம். பிரேக் போடும்போது பெரும்பங்கு வேலை செய்வதும் முன்சக்கரம். அதன் மேல் உள்ள பாரம் குறைந்தால் தரையில் பிடிப்பு குறையும். மழை பெய்த சாலையில், இறக்கத்தில், பின்னால் 4 டன் தள்ளிக்கொண்டு வரும்போது, இது விளையாட்டு அல்ல. வண்டிக்குள் இருப்பது குழந்தை குட்டிகள்.

எதிரே வருபவர் கண்ணில் ஒளி

இன்னோர் ஆபத்து ஹெட்லைட்டில் இருக்கிறது.

4 மீட்டர் அச்சு இடைவெளி உள்ள வண்டியில் முன்பக்கத்தை 5 சென்டிமீட்டர் தூக்கினால், ஒளி 80-க்கு 1 என்ற கணக்கில் மேலே ஏறும். அதாவது, 80 மீட்டர் தூரத்தில் ஒளி முன்னை விட 1 மீட்டர் உயரமாக விழும். 5 சென்டிமீட்டர் என்பது 2 அங்குலம்தான்!

சாலையில் விழ வேண்டிய ஒளி, எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறது. பாரம் ஏறிப் பின்பக்கம் அமுங்கினாலும் இதே கதிதான். முன்பக்கமும் தூக்கி, பின்பக்கமும் அமுங்கினால் தொல்லை இரண்டு மடங்கு.

சட்டம் வந்தது

அமெரிக்காவின் சில பகுதிகளில் இளைஞர்களிடையே ஒரு மோகம் பரவியது. முன்பக்கத்தை நிறையத் தூக்கி, பின்பக்கத்தைத் தாழ்த்தி ஓட்டினார்கள். ஓட்டுபவருக்கு முன்னால் இருக்கும் சாலை சரியாகத் தெரியாது.

வட கரோலினா மாநிலத்தில் 2021 டிசம்பர் மாதம் இதற்குத் தடைச் சட்டம் அமலுக்கு வந்தது. முன் மட்கார்டு பின் மட்கார்டை விட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். வர்ஜீனியாவில் 2022-ல், இப்படிப்பட்ட வண்டியோடு நடந்த மோதலில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். அதே ஆண்டில் அங்கும் சட்டம் வந்தது. தென் கரோலினா 2023-ல் சட்டம் போட்டது.

முதலில் அளந்து பார்!

ஆகவே கடைக்குப் போகும் முன் மூன்று காரியங்கள் செய்ய வேண்டும்.

முதல் காரியம், உயரத்தை அளப்பது. சமதரையில் வண்டியை நிறுத்த வேண்டும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். காலி வண்டியில் ஒரு தடவை, வழக்கமான பாரம் ஏற்றி ஒரு தடவை அளக்க வேண்டும். காகிதத்தில் எழுதிய அந்த எட்டு எண்கள், கடைக்காரர் சொல்லும் ஆயிரம் வார்த்தைகளை விடப் பெரியவை.

இரண்டாவது காரியம், எடை போடுவது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில், லாரிகள் தங்கும் இடங்களில் எடை மேடைகள் உண்டு. 1977-ல் அயோவா மாநிலத்தில் தொடங்கிய கேட் ஸ்கேல் என்ற நிறுவனத்தின் மேடைகளைப் பல இடங்களில் காணலாம். அவை முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு ஆகிய மூன்றையும் தனித்தனியாக எடை காட்டும். டிரெய்லர் மாட்டி ஒரு தடவை, மாட்டாமல் ஒரு தடவை எடை போட்டால், முன்சக்கரம் எவ்வளவு பாரத்தை இழக்கிறது என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது காரியம், டிரைவர் கதவைத் திறந்து, கதவுப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பது. முன் அச்சு எவ்வளவு தாங்கும், பின் அச்சு எவ்வளவு தாங்கும், மொத்த வண்டி எவ்வளவு தாங்கும் என்று அதில் அச்சிட்டிருக்கும். அதுதான் வண்டியின் எல்லைக்கோடு.

முன்பக்கத்தைத் தூக்க மூன்று வழிகள்

எப்-250, ராம் 2500 ஆகிய வண்டிகளில், நான்கு சக்கரமும் இழுக்கும் வகைக்கு முன்னால் ஒரே கனத்த அச்சு. அதன் மேல் சுருள் ஸ்பிரிங். இவற்றுக்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, ஸ்பிரிங்குக்கு மேலே கட்டை வைப்பது. அலுமினியம் அல்லது கெட்டியான பாலியூரித்தேன் வில்லை அது. செலவு குறைவு. ஸ்பிரிங் பழையதுதான், அதன் பலமும் பழையதுதான். உயரம் மட்டும் கூடும். முன்பக்கம் அதிகப் பாரம் சுமக்காத வண்டிக்கு இது போதும்.

இரண்டு, ஸ்பிரிங்கையே மாற்றுவது. புது ஸ்பிரிங் சற்று நீளமாக இருக்கும். அதற்கேற்ற நீளத்தில் ஷாக் அப்சார்பரும் வேண்டும். செலவு அதிகம். முன்பக்கம் உண்மையாகவே பாரம் சுமப்பவர்களுக்கு இது ஏற்றது. குளிர்காலத்தில் சாலைப் பனியைத் தள்ளும் இரும்புத் தகடு மாட்டுகிறார்களே, அவர்கள் இதைத்தான் நாட வேண்டும். ஆனால் எத்தனை கிலோவுக்குச் செய்த ஸ்பிரிங் என்று கேட்டு வாங்க வேண்டும். தேவைக்கு மேல் கெட்டியான ஸ்பிரிங் போட்டால், பாரம் இல்லாத நாளில் முதுகெலும்பு நோகும்.

செவ்ரலே சில்வராடோ 2500 வேறு விதம். அதில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் இல்லை. நீண்ட எஃகுத் தண்டு ஒன்று முறுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்குகிறது. டார்ஷன் பார் என்று பெயர். தண்டின் முனையில் உள்ள சாவித் துண்டை மாற்றினால் முன்பக்கம் உயரும். இது மூன்றாவது வழி.

வேலை சுலபம். ஆனால் இங்கேயும் தண்டின் பலம் கூடுவதில்லை. சக்கரம் கீழே இறங்க இருந்த இடம் குறைந்துவிடும். பள்ளத்தில் விழும்போது 'டக்' என்று இடிக்கும். சக்கரத்துக்குச் சக்தி கொண்டு போகும் மூட்டுகளும் அதிகமாக வளைந்து சீக்கிரம் தேயும். ஆகவே அளவோடு நிறுத்துவது நல்லது.

எந்த வழியானாலும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். முன்பக்கத்தைத் தூக்கும்போது சக்கரத்தின் சாய்வு மாறும். சைக்கிளின் முன் போர்க் சாய்வாக இருப்பதால்தான் சைக்கிள் நேராக ஓடுகிறது. காருக்கும் லாரிக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு. அது குறைந்தால் ஸ்டீரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. வண்டி சாலையில் அலையும்.

கனத்த அச்சு உள்ள வண்டியில், அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பி ஒன்று இருக்கிறது. முன்பக்கம் உயர்ந்தால் அது அச்சைச் சற்று ஒரு பக்கமாக இழுக்கும். அந்தக் கம்பியின் புஷ் தேய்ந்திருந்தால், மேடு பள்ளத்தில் முன்பக்கம் முழுவதும் படபடவென்று ஆடத் தொடங்கும். அமெரிக்க டிரைவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'சாவு ஆட்டம்'! நல்ல கம்பெனிகள் சாய்வையும், குறுக்குக் கம்பியையும் திருத்தும் துண்டுகளைச் சேர்த்தே விற்கின்றன. அவை இல்லாத மலிவுச் சரக்கு, கடைசியில் மலிவாக இருப்பதில்லை.

பின்பக்கத்தைத் தாங்க

டிரெய்லர் இழுப்பவருக்கு முன்பக்கம் தாழ்ந்திருப்பது தொல்லை அல்ல. பின்பக்கம் அமுங்குவதுதான் தொல்லை. அவர் முதலில் பின்பக்கத்தைக் கவனிக்க வேண்டும்.

பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டியில் கூடுதல் பட்டை சேர்க்கலாம். செலவு நியாயமானது, கெட்டுப் போகும் பொருள் அல்ல. ஆனால் அது எப்போதும் வண்டியில் இருக்கும். காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடும்.

காற்றுப் பை மாட்டலாம். கனத்த ரப்பர் பை அது. சேஸிசுக்கும் அச்சுக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாக மாட்டுவார்கள். பாரம் ஏறும் நாளில் காற்று அடிக்கலாம். பாரம் இறங்கியதும் காற்றைக் குறைக்கலாம். பல வகைகளில் 5 பவுண்டு முதல் 100 பவுண்டு வரை காற்று பிடிக்கலாம். முழுவதும் காலியாக விடக் கூடாது; பை மடிந்து கிழியும். இரண்டு பைகளுக்கும் தனித்தனிக் குழாய் வைத்தால், ஒரு பக்கம் சாய்ந்த பாரத்தையும் நிமிர்த்தலாம். குழாய் எங்காவது உரசுகிறதா, காற்று கசிகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும்.

தானாக மட்டமாகும் வண்டியும் உண்டு. இந்த எண்ணம் புதிது அல்ல. 1955-ல் அமெரிக்காவின் பேக்கர்டு காரில், பாரம் ஏறினால் மின்சார மோட்டார் ஓடி வண்டியை நிமிர்த்தியது. அதே ஆண்டில் பாரிஸ் நகரில் காட்சிக்கு வைத்த சிட்ரோயன் டி.எஸ். கார், எண்ணெயும் வாயுவும் கொண்டு அதே வேலையைச் செய்தது. ராம் 2500 வண்டியில் 2014 மாடல் முதல், கூடுதல் விலை கொடுத்தால் பின்பக்கம் காற்று ஸ்பிரிங்கோடு வாங்கலாம். பாரத்துக்குத் தக்கபடி அது தானே உயரத்தைச் சரி செய்துகொள்ளும்.

இங்கே ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. காற்றுப் பை வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கும். நெம்பப்பட்ட முன்சக்கரத்துக்குப் பாரத்தைத் திருப்பிக் கொடுக்காது. பார்வைக்கு வண்டி மட்டமாக நிற்கும். முன்பக்கப் பிடிப்பு குறைந்தபடியே இருக்கும். பாரத்தை முன்னுக்குத் தள்ள வேண்டுமானால், எடையைப் பங்கிடும் தனிவகைக் கொக்கி வேண்டும். அதில் உள்ள எஃகுக் கம்பிகள் டிரெய்லரையும் வண்டியையும் சேர்த்து நெம்பி, முன்சக்கரத்தின் மேல் மறுபடி பாரத்தை வைக்கும்.

எல்லை கூடாது!

பலர் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. "பை மாட்டிவிட்டோம், இனிமேல் இன்னும் அரை டன் ஏற்றலாம்" என்று நினைக்கிறார்கள்.

ஏற்றக் கூடாது. ஸ்பிரிங் மட்டும்தான் புதிது. பிரேக் பழையது. டயர் பழையது. அச்சும் பேரிங்கும் சேஸிசும் பழையவை. கதவுப் பக்கத்துச் சீட்டில் உள்ள எண் மாறவில்லை.

யாருக்கு எது?

வண்டியைப் பெரும்பாலும் காலியாக ஓட்டுபவரா? முன்பக்கம் ஒன்றரை அங்குலமோ 2 அங்குலமோ உயர்த்தும் கட்டை போதும். பின்பக்கம் ஓர் அங்குலமாவது உயர்ந்தே இருக்கட்டும்.

மாதம் ஒரு முறை குடும்பத்தோடு வீட்டு டிரெய்லர் இழுத்துப் போகிறவரா? முன்பக்கத்தைத் தொட வேண்டாம். முதல் செலவு எடை பங்கிடும் கொக்கிக்கு இருக்கட்டும். பிறகும் பின்பக்கம் அமுங்கினால் காற்றுப் பை மாட்டலாம்.

தினமும் கருவிகளும் சாமான்களும் ஏற்றும் கொத்தனாரா, தச்சரா? பாரம் ஒரே அளவில் இருப்பதால் கூடுதல் பட்டையே அவருக்கு நல்லது.

சில நாள் பாரம், சில நாள் காலி என்று ஓட்டும் விவசாயியா? அவருக்குக் காற்றுப் பை.

பனி தள்ளுபவரா? முன்பக்கம் சரியான எடைக்குச் செய்த ஸ்பிரிங். பின்தொட்டியில் எதிர்ப்பாரம்.

மாட்டிய பிறகு

வேலை முடிந்ததும் வண்டியை நேரே வீட்டுக்கு ஓட்டிவிடக் கூடாது. வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பிரேக் குழாய் இழுபடாமல் தளர்வாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நூறு மைல் ஓடிய பின் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி முடுக்க வேண்டும்.

ஹெட்லைட்டைச் சரி செய்வது கட்டாயம். சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, ஒளியின் மேல்விளிம்பு எங்கே விழுகிறது என்று கோடு போட்டுப் பார்க்கலாம். வேலைக்கு முன் ஒரு கோடு, பின் ஒரு கோடு. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். விளக்கின் திருகைத் திருப்பிச் சரி செய்யலாம். இந்தக் காலத்து வண்டிகளில் முன்னால் கேமராவும் ரேடாரும் இருக்கின்றன. உயரம் மாறினால் அவற்றின் பார்வையும் மாறும். அவற்றையும் ஒர்க்ஷாப்பில் காட்டித் திருத்த வேண்டும்.

கடைசியாக, வழக்கமான பாரத்தை ஏற்றி, டிரெய்லரை மாட்டி, டேப்பை எடுத்து மறுபடி நான்கு பக்கமும் அளக்க வேண்டும். எடை மேடைக்கும் ஒரு தடவை போக வேண்டும். முன் அச்சின் எண் முன்பிருந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்திருந்தால், கொடுத்த பணம் வீண் போகவில்லை.

கடை வாசலில் காலியாக நிற்கும்போது வண்டி மட்டமாக இருப்பது படம் பிடிக்க மட்டுமே உதவும். பாரத்தோடும் குடும்பத்தோடும் சாலையில் ஓடும்போது அது மட்டமாக இருக்க வேண்டும். பத்திரமாக வீடு வந்து சேர்வது அதில்தான் இருக்கிறது.